எடிட்டோரியல் மேனேஜர்: அப்ரூவ் அழுத்தும் முன் அந்த பி.டி.எஃப்-ஐத் திறந்து பாருங்கள்

மருத்துவ ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பக் கிளம்பும் யாரும் சீக்கிரத்திலேயே எடிட்டோரியல் மேனேஜர் முன் வந்து நிற்பார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஏரீஸ் சிஸ்டம்ஸ் உருவாக்கிய இணைய மென்பொருள் இது. 2018-இல் அந்த நிறுவனத்தை எல்செவியர் வாங்கிவிட்டது. தி லான்செட், பிளாஸ் ஒன் இரண்டும் இதன் வழியாகவே கட்டுரை வாங்குகின்றன. ஸ்பிரிங்கர், வோல்டர்ஸ் க்ளூவர் பதிப்பகங்களின் ஜர்னல்கள் பலவும் இதைத்தான் வைத்திருக்கின்றன. மென்பொருளுக்கென்று கட்டுரையாளர் பைசா கட்ட வேண்டியதில்லை.

தோற்றத்துக்கு மார்க் போட்டால் தேறாது. சின்ன எழுத்து, நெருக்கமான பட்டியல்கள், எதை அழுத்தினால் எங்கே போகும் என்று புரியாத மெனு. செல்போனில் செய்து முடிக்கலாம் என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஆனால் வேலையில் நம்பலாம். பாதியில் விட்ட சப்மிஷன் 'இன்கம்ப்ளீட் சப்மிஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் விட்ட இடத்திலேயே இருக்கும். மின்சாரம் போனாலும் சேமித்த பக்கங்கள் போகாது. கடைசியில் நீங்கள் ஏற்றிய எல்லாவற்றையும் கோத்து ஒரே பி.டி.எஃப்-ஆகக் கட்டி, 'சரியா பார்' என்று உங்களிடமே நீட்டும். இந்த மென்பொருளின் ஆகச் சிறந்த அம்சம் அதுதான். பெரும்பாலானோர் பார்க்காமலே கடந்துபோவதும் அதைத்தான்.

நுழைவிலேயே ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனித்தனித் தளம். எடிட்டோரியல்மேனேஜர் டாட் காம் என்பதற்குப் பின்னால் அந்த ஜர்னலின் சுருக்கக் குறி வரும். ஒன்றில் திறந்த கணக்கு இன்னொன்றில் பொதுவாகச் செல்லாது. ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட்டை இணைத்துவிட்டால் பாஸ்வேர்ட் ஞாபகம் வைக்கும் பாரமாவது குறையும். 16 இலக்க ஆர்கிட் எண் இலவசம், இன்று பல ஜர்னல்கள் தங்களோடு கடிதத் தொடர்பு வைக்கும் கரஸ்பாண்டிங் ஆதரிடம் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. தளத்தின் முகவரியைத் தேடுபொறியில் தேடாமல் ஜர்னலின் சொந்தப் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகப் போங்கள். போலி ஜர்னல்கள் மலிந்த காலம். உள்ளே நுழையும்போது ஆதர், ரிவ்யூவர் (கட்டுரையை மதிப்பிடும் சக நிபுணர்), எடிட்டர் என்று தனித்தனி லாகின் பொத்தான்கள் இருக்கும். ரிவ்யூவராக நுழைந்துவிட்டு 'என் பேப்பரைக் காணோம்' என்று பதறுவோர் நிறைய.

லாகினுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

கோப்புகள் தயாராக இருந்தால் ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். தயாராக இல்லையென்றால் சப்மிஷன் நாள்கணக்கில் இழுக்கும். பழியை மென்பொருள் மேல் போடுவார்கள். ஒரு ஃபோல்டரில் இவை இருக்கட்டும்: கவர் லெட்டர், டைட்டில் பேஜ், கட்டுரையாளர் பெயர் நீக்கிய மேனுஸ்கிரிப்ட், ஒவ்வொரு படமும் தனிக் கோப்பாக, கட்டுரையில் எதெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்ற செக்லிஸ்ட், எல்லா ஆதர்களின் டிஸ்க்ளோஷர் (பண, பிற தொடர்புகளின் அறிவிப்பு) படிவம். கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். அடைப்புக்குறி, கமா, தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம்.

செக்லிஸ்ட் எது என்பதை ஆய்வின் வகை தீர்மானிக்கும். அப்சர்வேஷனல் ஆய்வுக்கு 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப், சிஸ்டமேடிக் ரிவ்யூவுக்கு 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020, கேஸ் ரிப்போர்ட்டுக்கு கேர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சையைச் சோதிக்கும் ரேண்டமைஸ்டு டிரயலுக்கு கன்சார்ட். அதன் 2025 பதிப்பில் 30 அம்சங்கள். பழைய 25 அம்சப் பட்டியலை யாரோ ஃபார்வர்டு செய்தார்கள் என்று அதையே நிரப்பி ஏற்றாதீர்கள். பக்க எண் கேட்கும் இடத்தில் 'ஆம்' என்று எழுதுவதும் திருப்பி அனுப்ப ஒரு காரணம்.

டிரயல் என்றால் பதிவு எண் வேண்டும், அதுவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் வாங்கிய எண். சர்வதேச மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் குழு 2005 முதலே இதில் கறார். இந்தியாவின் டிரயல் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2018 ஏப்ரல் 1-க்குப் பின் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறது. பி.ஜி. தீசிஸுக்காக டிரயல் செய்துவிட்டு, எழுத உட்காரும்போது பதிவைப் பற்றி யோசித்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. தீசிஸ் பற்றி இன்னொன்று: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தீசிஸ்கள் பொதுப் பார்வைக்கு இருக்கின்றன. உங்கள் வரிகளே உங்களுக்கு எதிராக, காப்பி அடித்ததா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் சிக்கலாம். 'இது என் முதுநிலை ஆய்வேட்டின் ஒரு பகுதி' என்று கவர் லெட்டரில் ஒரு வரி எழுதிவிட்டால் எடிட்டருக்குக் காரணம் புரியும்.

படங்களில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள். ஃபோட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் வழக்கமாகக் கேட்பது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). கோட்டுப் படத்துக்கு எல்செவியர் 1000 கேட்கிறது. டிபிஐ எண்ணை மட்டும் மாற்றி எழுதினால் பயனில்லை, கணக்கு பிக்சலில். 8.5 செ.மீ. அகலப் படத்துக்கு 300 டிபிஐ என்றால் சுமார் 1000 பிக்சல் அகலம் வேண்டும், 17.5 செ.மீ. என்றால் சுமார் 2070. பவர்பாயிண்ட் அகலத்திரை ஸ்லைடைச் சாதாரணமாக ஜேபெக்காகச் சேமித்தால் 1280-க்கு 720 பிக்சல்தான் கிடைக்கும். அதில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஏ, பி என்று குறித்திருந்தால் ஒன்றுக்கு மிஞ்சுவது 640 பிக்சல். ஹிஸ்டோபேத்தாலஜி ஸ்லைடில் நியூக்ளியஸ் தெரியாது. வேர்டில் ஒட்டிய படத்தை வெளியே எடுத்து அனுப்புவது அதைவிட மோசம், சேமிக்கும்போதே வேர்டு படத்தைச் சுருக்கிவிடும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதை முதலிலேயே டிக் செய்ய வேண்டும். ஆர் மென்பொருளில் கிராஃப் போடுபவர்கள் டிஃப் கட்டளைக்கு ரெஸ் 300 என்று மட்டும் கொடுத்துவிட்டு அகலம், உயரம், அலகு மூன்றையும் விட்டுவிடுவார்கள். இயல்பு அளவு 480 பிக்சல் என்பதால் தபால்தலை அளவில் படமும் அதன் மேல் பூதாகாரமான எழுத்தும் வரும். அளவை அங்குலத்தில் கொடுத்து, எல்.இசட்.டபிள்யூ. சுருக்கத்தையும் சேர்த்தால் கோப்பும் பெருக்காது.

ஸ்கேன் படத்தின் மூலையில் நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், தேதி இருக்கும். பவர்பாயிண்டில் மேலே கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தால் அது மறைப்பே இல்லை. கோப்பைத் திறப்பவர் கட்டத்தை நகர்த்தினால் பெயர் தெரியும். கிராப் செய்தாலும் 'டிலீட் கிராப்டு ஏரியாஸ்' கொடுக்காதவரை வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். படத்தை எடுக்கும்போதே மருத்துவமனை ஸ்கேன்களைச் சேமிக்கும் பேக்ஸ் மென்பொருளில் பெயரை மறைத்து எக்ஸ்போர்ட் செய்வதுதான் முறை.

பெயர் நீக்கிய மேனுஸ்கிரிப்டிலும் பெயர் ஒளிந்திருக்கும். மெத்தட்ஸில் எத்திக்ஸ் கமிட்டியின் முழுப்பெயர், நன்றியுரையில் துறைத் தலைவர், 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற தொடர், வேர்டு கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கணினி உரிமையாளர் பெயர் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியதை 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' நீக்கிவிடும். ஜொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் ரெஃபரன்ஸ் போட்டவர்கள் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுத்து ஏற்றலாம். மூலக் கோப்பில் கொடுத்துவிட்டால் பிறகு ரிவிஷனில் ஒவ்வொரு எண்ணையும் கையால் மாற்ற வேண்டிவரும். டிராக் சேஞ்சஸ் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு அணைத்துவிடுங்கள், கமெண்டுகளையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கைடு ஓரத்தில் எழுதிய 'இது சரியில்லை' என்ற கமெண்ட் வரை ரிவ்யூவருக்குப் போய்ச்சேரும்.

பக்கம் பக்கமாக

கட்டுரை வகை தேர்வில் தொடங்கும். பின்னால் வரும் வார்த்தை வரம்பு, கட்டாயக் கோப்புகள் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். அடுத்தது கோப்பு ஏற்றும் பக்கம். ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐட்டம் டைப்' சரியாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கோப்பு ரிவ்யூவர் கண்ணில் படும் என்பதை ஜர்னல் இதை வைத்துத்தான் அமைத்திருக்கும். டைட்டில் பேஜை மேனுஸ்கிரிப்ட் என்று ஏற்றினால் பெயர் மறைத்ததெல்லாம் வீண். கேஸ் ரிப்போர்ட்டில் நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை, ஜர்னல் கேட்டாலொழிய ஏற்றவே கூடாது. சப்ளிமெண்டரி ஃபைல் என்று ஏற்றிவிட்டால் நோயாளியின் பெயரும் கையெழுத்தும் அறியாதவர் கைக்குப் போய்விடும்.

பொதுத் தகவல், வகைப்பாடு பக்கங்கள் சுலபம். ரிவ்யூவர் பரிந்துரை கேட்டால் ஜிமெயில் முகவரி கொடுக்காமல் கல்லூரி அல்லது நிறுவன முகவரி கொடுங்கள். 2015-இல் பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் போலி ரிவ்யூ காரணமாக 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதிலிருந்து இலவச மின்னஞ்சல் என்றாலே எடிட்டர்களுக்குச் சந்தேகம். சமீபத்தில் சேர்ந்து எழுதியவர், அதே கல்லூரிக்காரர் வேண்டாம்.

'அடிஷனல் இன்ஃபர்மேஷன்' பக்கம் கேள்விகளால் ஆனது. எத்திக்ஸ் எண், பதிவு எண், டேட்டா பகிர்வு, செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தினீர்களா என்றெல்லாம் வரும். மொழியைத் திருத்த சாட்ஜிபிடி பயன்படுத்தியிருந்தால் இங்கேயும் கட்டுரையிலும் சொல்லிவிட வேண்டும். அதை ஆதராகச் சேர்க்க முடியாது. இதே பக்கத்தில் 'கட்டுரை ஏற்கப்பட்டால் பதிப்புக் கட்டணம் செலுத்தச் சம்மதமா' என்ற கேள்வியும் ஒளிந்திருக்கலாம். வரிசையாக 'யெஸ்' தட்டிக்கொண்டே போகும் வேகத்தில் டாலர் கணக்கில் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

ஆதர் விவரப் பக்கத்தில் நம் ஊர்ப் பெயர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். நமக்கோ இனிஷியலும் பெயரும். ஆர். குமரன் என்பவர் முதல் பெயரில் குமரன் என்றும் கடைசிப் பெயரில் ஆர் என்றும் நிரப்பினால், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் அவர் 'ஆர் கே' ஆகிவிடுவார். தேடினால் கிடைக்கவே மாட்டார். குமரன் என்பதைக் கடைசிப் பெயராகவும் இனிஷியலையோ அதன் விரிவையோ முதல் பெயராகவும் கொடுத்தால் 'குமரன் ஆர்' என்று வரும். எந்த முறையானாலும் ஆர்கிட்டிலும் டைட்டில் பேஜிலும் இங்கேயும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எல்லாக் கட்டுரைகளிலும் அதுவே தொடர வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிக் காட்டும் நாளில் இதன் அருமை தெரியும். சக ஆதர்களின் மின்னஞ்சலும் இப்போது பயன்பாட்டில் உள்ளதாக இருக்கட்டும். பல ஜர்னல்கள் ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்தும் மெயில் அனுப்பும், அது ஸ்பேமில் விழும்.

அந்த பி.டி.எஃப்

எல்லாம் முடிந்ததும் 'பில்டு பி.டி.எஃப்' அழுத்தினால் சில நிமிடங்களில் கோப்பு தயாராகும். இங்கேதான் பலர் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். முடியவில்லை. கட்டுரை 'சப்மிஷன்ஸ் வெயிட்டிங் ஃபார் ஆதர்ஸ் அப்ரூவல்' என்ற இடத்தில் கிடக்கும், நீங்கள் 'அப்ரூவ்' கொடுக்காதவரை ஜர்னலுக்குப் போகவே போகாது. பதில் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கட்டுரை தன் கணக்கிலேயே தூங்குவதைக் கண்டுபிடிப்பது இந்தத் தளத்தில் புதிதல்ல.

அப்ரூவ் கொடுக்கும் முன் 'வியூ சப்மிஷன்' திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். முதலில் அலகுகள். வேர்டில் சிம்பல் எழுத்துருவைப் பயன்படுத்தி மைக்ரோ குறி போட்டிருந்தால், எழுத்துரு விடுபடும்போது அது 'எம்' என்ற எழுத்தாகிவிடும். 5 மைக்ரோகிராம் என்று எழுதியது 5 மில்லிகிராம் என்று நிற்கும். ஆயிரம் மடங்கு. டோஸ் பேசும் கட்டுரையில் இது அச்சுப்பிழை என்ற கணக்கில் சேராது. யூனிகோட் மைக்ரோ குறியைப் போடுங்கள், அல்லது எம்.சி.ஜி. என்று எழுதிவிடுங்கள். அதேபோல் அப்ஸ்ட்ராக்ட் கட்டத்தில் ஒட்டிய பீட்டா, 'அதற்கு மேல் அல்லது சமம்' குறிகள் கேள்விக்குறியாக மாறியிருக்கிறதா என்று முகப்புப் பக்கத்தில் பாருங்கள்.

அடுத்து அட்டவணை. அகலமான அட்டவணையின் கடைசி நெடுவரிசை, பெரும்பாலும் பி-வேல்யூ, பக்கத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கும். செக்ஷன் பிரேக் போட்டு அந்தப் பக்கத்தை மட்டும் லேண்ட்ஸ்கேப் ஆக்கினால் தீரும். படங்கள் மங்கலாகத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம், பி.டி.எஃப்-இல் இருப்பது சுருக்கிய பிரதி. படம் இருக்கும் பக்கத்தின் மேலே உள்ள இணைப்பை அழுத்தினால் நீங்கள் ஏற்றிய அசல் இறங்கும். அதுவும் மங்கல் என்றால்தான் பிரச்சினை. வரி எண்கள் இரண்டு வரிசையாக வந்திருந்தால் ஜர்னலின் அமைப்பே எண் போடுகிறது என்று பொருள். வேர்டில் போட்டதை எடுத்துவிடுங்கள். பெயர் மறைப்பைச் சரிபார்க்க ஒரு எச்சரிக்கை: உங்களுக்குக் காட்டும் பி.டி.எஃப்-உம் ரிவ்யூவருக்குப் போவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பிரதியில் டைட்டில் பேஜ் தெரிந்தால் ஐட்டம் டைப் சரியா என்று மட்டும் பாருங்கள்.

பி.டி.எஃப் கட்டவே மறுத்தால் பாஸ்வேர்ட் பூட்டிய கோப்பு, உள்ளே பொதித்த எக்செல் சார்ட், விசித்திரமான கோப்புப் பெயர் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். உள்ளடக்கத்தைப் புதிய வேர்டு கோப்பில் ஒட்டிச் சேமித்து மறுபடி ஏற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

அனுப்பிய பிறகு

மென்பொருளின் பலவீனமான பகுதி ஸ்டேட்டஸ். 'சென்ட் பேக் டு ஆதர்' என்றால் நிராகரிப்பு இல்லை. பாரத்தில் ஒரு கட்டம் விட்டதற்குத் திருப்பித் தரும் ரிஜிஸ்தர் ஆபீஸ் கிளார்க் மாதிரி, ஒரு படிவம் குறைகிறது, வார்த்தை மிஞ்சுகிறது என்று ஏதாவது இருக்கும். 'வித் எடிட்டர்' வாரக்கணக்கில் நிற்கலாம். 'அண்டர் ரிவ்யூ' எப்போது தோன்றும் என்பது ஜர்னலுக்கு ஜர்னல் மாறும். 'ரிக்வயர்டு ரிவ்யூஸ் கம்ப்ளீட்டட்' வந்தபின் மறுபடி 'அண்டர் ரிவ்யூ' ஆனால் இன்னொரு ரிவ்யூவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். எல்செவியர் ஜர்னல்களில் மட்டும் 'டிராக் யுவர் சப்மிஷன்' என்ற தனி இணைப்பு, எத்தனை பேர் ரிவ்யூவுக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது வரை காட்டும். அதை எல்லா ஜர்னலுக்கும் கொடுத்தால் பாதி விசாரணை மெயில்கள் நின்றுவிடும்.

போட்டி மென்பொருளான ஸ்காலர்ஒன் இந்த விஷயத்தில் ஒன்றும் மேல் இல்லை. பக்கங்களின் ஒழுங்கில் அது கொஞ்சம் தெளிவு. ஆனால் அங்கேயும் கணக்கு ஜர்னலுக்கு ஜர்னல் வேறு.

ரிவிஷன் அனுப்பும்போது பழைய கோப்புகளில் எவற்றை அப்படியே கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்கும். மாறாத படங்களை மட்டும் டிக் செய்யுங்கள். பழைய மேனுஸ்கிரிப்டையும் டிக் செய்துவிட்டு புதியதையும் ஏற்றினால் பி.டி.எஃப்-இல் இரண்டும் அடுத்தடுத்து வரும். ரிவ்யூவர் பழையதைப் படித்துவிட்டு 'நான் சொன்னது எதையும் திருத்தவில்லை' என்று எழுதுவார். மாற்றம் தெரியும் பிரதி, சுத்தமான பிரதி, ஒவ்வொரு கேள்விக்கும் பக்க எண்ணுடன் பதில் என மூன்று தனிக் கோப்புகள் வேண்டும். கெடு நெருங்கினால் தாண்டும் முன்பே அலுவலகத்துக்கு எழுதி நாள் கேளுங்கள், பொதுவாகக் கொடுப்பார்கள்.

நிராகரித்தாலும் சில பதிப்பகங்கள் தங்கள் வேறொரு ஜர்னலுக்கு மாற்ற முன்வரும். ஒப்புக்கொண்டால் கோப்புகள் எல்லாம் தானாகவே புதிய ஜர்னலின் தளத்துக்கு வந்துவிடும், மறுபடி தட்டும் வேலை மிச்சம். வந்த கோப்புகளில் கவர் லெட்டரும் இருக்கும், அதில் பழைய ஜர்னலின் பெயரும் எடிட்டரின் பெயரும் அப்படியே இருக்கும். அப்ரூவ் கொடுக்கும் முன் அந்த ஒரு கோப்பையாவது நீக்கிவிட்டுப் புதிதாக எழுதி ஏற்றுங்கள். புதிய ஜர்னல் கட்டணம் வாங்குவதா என்பதையும் ஒப்புக்கொள்ளும் முன்பே பார்த்துவிடுங்கள், மாற்றித் தருவதாகச் சொல்வது பெரும்பாலும் ஓப்பன் ஆக்சஸ் (வாசகருக்கு இலவசம், பெரும்பாலும் ஆதரிடம் கட்டணம்) ஜர்னலுக்குத்தான்.